மாத ஊசிக்கு ஜெனரிக் எப்போது வரும்? ஒரு தாயின் பேட்டன்ட் தேடல்

என் மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். மாதம் ஒரு முறை தோளில் ஊசி போட்டுக்கொள்கிறான். மருந்து பாலிபெரிடோன் பால்மிடேட். அமெரிக்காவில் ஜான்சென் நிறுவனம் இதை இன்வேகா சஸ்டென்னா என்ற பெயரில் விற்கிறது. ஊசிக்கு மாறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் பேச்சு என்றாலே மாத்திரையைப் பற்றித்தான். போட்டாயா, எப்போது போட்டாய், ஏன் போடவில்லை. ஊசி வந்த பிறகு அவனோடு வேறு விஷயங்களைப் பேச முடிந்தது. அவன் வேலைக்குப் போகிறான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். அமெரிக்கச் சட்டப்படி பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் இன்சூரன்ஸில் இருக்கலாம். அவனுக்கு அந்த வயது நெருங்க நெருங்க, அதன் பிறகு இந்த ஊசிக்கு யார் பணம் கட்டுவது என்ற கவலை எனக்குத் தொடங்கியது. 234 மி.கி. ஊசி ஒன்றின் பட்டியல் விலை 3,000 டாலருக்கு மேல். ஒருநாள் அவனே கேட்டான்: "இதுக்கு ஜெனரிக் எப்பம்மா வரும்?"

ஜெனரிக் என்றால் அசல் நிறுவனத்தின் மருந்தை வேறு நிறுவனங்கள் அதே மாதிரி மலிவாகத் தயாரித்து விற்பது. ரொம்ப நியாயமான கேள்வி. மருத்துவரிடம் கேட்டேன், ஃபார்மசியில் கேட்டேன். யாரிடமும் சரியான பதில் இல்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் 2017 என்று இருந்தது, இன்னொரு இடத்தில் 2018, வேறொரு இடத்தில் 2031. ஒரே மருந்துக்குப் பதினான்கு வருட வித்தியாசத்தில் மூன்று பதில்கள். நான் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவள். மூன்று ஆவணங்கள் மூன்று எண்களைச் சொன்னால், மூன்றும் எதைப் பற்றிச் சொல்கின்றன என்று பார்க்காமல் இருக்க முடியாது. அப்படித்தான் இந்தத் தேடல் ஆரம்பித்தது. நான் வக்கீலும் இல்லை, மருந்தாளுநரும் இல்லை. ஆனால் இதில் பெரும்பகுதியை ஒரு சாதாரண ஆள் இலவசமாக, வீட்டிலிருந்தபடியே பார்த்துவிட முடியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொண்டது, அந்த மூன்று தேதிகளுமே சரி என்பது. ஒரு மருந்துக்கு ஒரு பேட்டன்ட் என்று இருப்பதில்லை, பல இருக்கும். சஸ்டென்னாவுக்குப் பாலிபெரிடோனின் கொழுப்பு அமில எஸ்டர்களை, அதாவது பாலிபெரிடோனோடு கொழுப்பு அமிலம் சேர்ந்த சேர்மங்களை, நீரில் மிதக்கவிடும் கலவைக்கான பேட்டன்ட் ஒன்று இருந்தது, எண் 6,077,843. அது 2017-ல் முடிந்தது. அந்த எஸ்டரை மிக நுண்ணிய துகள்களாக அரைத்து நீரில் மிதக்கவிடும் கலவைக்கு இன்னொரு பேட்டன்ட், எண் 6,555,544. அது 2018-ல் முடிந்தது. அதாவது ஊசிக்குழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கலவைக்கு இருந்த பாதுகாப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது 9,439,906. கடைசி மூன்று இலக்கத்தை வைத்து 906 என்று சொல்கிறேன். இது எந்தப் பொருளுக்குமான பேட்டன்ட் அல்ல, ஊசி போடும் முறைக்கான பேட்டன்ட். முதல் நாள் இவ்வளவு, ஒரு வாரம் கழித்து இவ்வளவு, இரண்டும் தோளில். அப்புறம் மாதாமாதம் இவ்வளவு. அந்த அட்டவணைதான் 2031 ஜனவரி 26 வரை பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

இது தெரிந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மகன் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தபோது போட்டது அதே அட்டவணைதான். முதல் நாள் 234, எட்டாம் நாள் 156.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? அமெரிக்காவைப் பொறுத்தவரை ஆரஞ்சு புக்கில். மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ வெளியிடும் பட்டியல் இது. பெயர்தான் புக், இப்போது இணையத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. மருந்தின் பெயரைப் போட்டால் அனுமதி எண், அனுமதி பெற்ற நாள் எல்லாம் வரும். சஸ்டென்னாவுக்கு அனுமதி கிடைத்தது 2009 ஜூலை 31. அங்கேயே பேட்டன்ட்டுகளுக்கும் பிரத்தியேக உரிமைகளுக்கும் தனித்தனி அட்டவணைகள் இருக்கும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். பேட்டன்ட் கொடுப்பது பேட்டன்ட் அலுவலகம். பிரத்தியேக உரிமை கொடுப்பது எஃப்டிஏ: புதிய மூலக்கூறு என்றால் 5 வருடம், ஏற்கெனவே உள்ள மருந்துக்குப் புதிய மருத்துவச் சோதனை நடத்திப் புதிய பயன்பாட்டுக்கோ புதிய வடிவத்துக்கோ அனுமதி வாங்கினால் 3 வருடம். பேட்டன்ட் முடிந்தும் பிரத்தியேக உரிமை ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். இரண்டில் எது கடைசியில் முடிகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டன்ட் அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது மூலப்பொருளுக்கானதா, தயாரிப்புக்கானதா, பயன்படுத்தும் முறைக்கானதா என்று குறித்திருப்பார்கள். பயன்படுத்தும் முறை என்றால் 'யூ' என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும். அதைத் தொட்டால் எந்தப் பயன்பாட்டுக்கு என்று ஒரு வரியில் விளக்கம் வரும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் தேதியை மட்டும் எழுதிக்கொள்வதில் அர்த்தமில்லை. பேட்டன்ட் எண்ணுக்குப் பக்கத்தில் பிஇடி என்று சேர்ந்திருந்தால், குழந்தைகளிடம் சோதனை நடத்தியதற்காக 6 மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று: முடிந்துபோன பேட்டன்ட்டுகளை அந்தத் தளம் காட்டாது. 2017, 2018-ல் முடிந்த இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் பழைய ஆண்டுப் பதிப்புகளைத் தேட வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புகளின் முதல் சில பக்கங்களிலும் இந்த வரலாறு கிடைக்கும்.

பேட்டன்ட் எண் கையில் கிடைத்ததும் எல்லோரும் போவது கூகுள் பேட்டன்ட்ஸுக்கு. முழு ஆவணத்தையும் படிக்க அது மிகவும் வசதியானது. ஆனால் அங்கே காட்டும் முடிவுத் தேதி ஒரு மதிப்பீடுதான், சட்டபூர்வமான முடிவல்ல என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தேதியை நாமே கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது நல்லது. அடிப்படை விதி எளிமையானது: விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். 906 பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தது 2008 டிசம்பர் 17. அதன்படி 2028 டிசம்பர் 17-ல் முடிய வேண்டும். ஆனால் ஆரஞ்சு புக் சொல்வது 2031 ஜனவரி 26. நடுவே 770 நாள் வித்தியாசம். இது பேட்டன்ட் அலுவலகத்தின் தாமதத்துக்கு ஈடாக அமெரிக்காவில் தரப்படும் கால நீட்டிப்பு. பேட்டன்ட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு சின்ன வரியில் இத்தனை நாள் என்று அச்சிட்டிருப்பார்கள். இது தவிர, எஃப்டிஏ அனுமதிக்காகக் காத்திருந்த காலத்துக்கு ஈடாகவும் ஒரு நீட்டிப்பு உண்டு. அது அதிகபட்சம் 5 வருடம், அதையும் சேர்த்து அனுமதி நாளிலிருந்து 14 வருடத்தைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

கனடாவைப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். இதே கண்டுபிடிப்புக்கு அங்கே உள்ள பேட்டன்ட் எண் 2,655,335. அது சரியாக 2028 டிசம்பர் 17-ல் முடிகிறது. டொராண்டோவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கும் எங்களுக்கும் ஒரே ஊசி, ஒரே அட்டவணை, ஆனால் பேட்டன்ட் முடிவதில் இரண்டு வருடத்துக்கு மேல் வித்தியாசம். யாராவது "அந்த மருந்தின் பேட்டன்ட் இந்த வருடம் முடிகிறது" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த நாட்டில் என்றுதான்.

பேட்டன்ட் ஆவணத்தில் எந்தப் பகுதியைப் படிப்பது என்பதும் முக்கியம். முன்னால் உள்ள நீண்ட விளக்கத்தைப் படித்துவிட்டு இதற்கெல்லாம் உரிமை இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சட்டப்படி உரிமை இருப்பது கடைசியில் எண் போட்டு வரும் க்ளெய்ம்களுக்கு, அதாவது எதற்கு உரிமை கோருகிறார்கள் என்று சொல்லும் வரிகளுக்கு மட்டும். சஸ்டென்னாவின் க்ளெய்ம்களில் 234, 156 என்ற எண்களைத் தேடினால் கிடைக்காது. 150, 100 என்றுதான் இருக்கும். காரணம், அமெரிக்க லேபிளில், அதாவது மருந்தோடு வரும் அதிகாரபூர்வக் குறிப்பில், பாலிபெரிடோன் பால்மிடேட்டின் எடையைச் சொல்கிறார்கள், க்ளெய்ம்களில் அதிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் பாலிபெரிடோனின் எடையைச் சொல்கிறார்கள். 234 என்பது 150-க்குச் சமம், 156 என்பது 100-க்கு, 117 என்பது 75-க்கு, 78 என்பது 50-க்கு, 39 என்பது 25-க்கு. பல நாடுகளில் பெட்டியின் மேலேயே 150, 100 என்றுதான் அச்சிட்டிருக்கும். ஊருக்குப் போகும்போதோ வேறு நாட்டுக்கு மாறும்போதோ இந்த மாற்றுக் கணக்கு தெரியாமல் டோஸைக் குறைத்துவிட்டார்கள் என்று பதறுபவர்களுக்கும் இது உதவும். அதே பேட்டன்ட்டில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கான குறைந்த டோஸ் அட்டவணைக்கும், துகள்களின் அளவைச் சேர்த்துச் சொல்லும் அட்டவணைக்கும் தனித்தனி க்ளெய்ம்கள் உண்டு.

அடுத்தது வழக்குகள். ஆரஞ்சு புக்கில் ஒரு தேதி இருப்பதால் அதுவரை யாரும் உள்ளே வர முடியாது என்று ஆகிவிடாது. 1984-ல் வந்த ஹாட்ச் வாக்ஸ்மன் சட்டப்படி, ஜெனரிக் தயாரிக்க விரும்பும் நிறுவனம், இந்த பேட்டன்ட் செல்லாது அல்லது எங்கள் மருந்து அதை மீறவில்லை என்று சொல்லி எஃப்டிஏவிடம் விண்ணப்பிக்கலாம். இதற்குப் பாரா ஃபோர் என்று பெயர். அசல் நிறுவனம் 45 நாளுக்குள் வழக்குப் போட்டால் பொதுவாக 30 மாதத்துக்கு ஜெனரிக் அனுமதி நிறுத்தி வைக்கப்படும். எந்த மருந்துக்கு, எந்த அளவுக்கு முதல் பாரா ஃபோர் விண்ணப்பம் எப்போது வந்தது என்ற பட்டியலை எஃப்டிஏ தனியாக வெளியிடுகிறது. ஒரு மருந்துக்கு யாராவது முயல்கிறார்களா என்று தெரிந்துகொள்ள அதுதான் சீக்கிரமான வழி.

சஸ்டென்னா விஷயத்தில் ஜெனரிக் தயாரிக்கும் டேவா நிறுவனம் முயன்றது. 2018-ல் நியூ ஜெர்சி ஃபெடரல் நீதிமன்றத்தில் ஜான்சென் வழக்குத் தொடர்ந்தது. மைலான் என்ற இன்னொரு ஜெனரிக் நிறுவனமும் சவால் விட்டது. 2021-ல் பேட்டன்ட் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 2024 ஏப்ரல் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமான ஃபெடரல் சர்க்யூட் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. இந்த டோஸ் முறை பொதுவாக எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துமா என்று கீழ் நீதிமன்றம் பார்த்திருந்தது. க்ளெய்மில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லையே என்பது மேல் நீதிமன்றத்தின் கேள்வி. அன்றைக்குச் செய்தித் தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் பேட்டன்ட் போய்விட்டது, ஜெனரிக் வந்துவிடும் என்று பேசினார்கள். எங்கள் குடும்ப ஆதரவுக் குழுவிலும் அந்தச் செய்தி சுற்றியது. ரத்து செய்து திருப்பி அனுப்புவது ஒன்று, பேட்டன்ட் செல்லாது என்று அறிவிப்பது வேறொன்று. அதே ஆண்டிலேயே கீழ் நீதிமன்றம் மறுபடி ஜான்செனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2025-ல் ஃபெடரல் சர்க்யூட் அதை உறுதி செய்தது.

தீர்ப்புகளைப் படிக்க யாரும் பயப்பட வேண்டாம். ஃபெடரல் சர்க்யூட் தன் தீர்ப்புகளை இலவசமாக வெளியிடுகிறது. அவற்றின் முதல் ஐந்தாறு பக்கங்களில் மருந்து என்ன, பேட்டன்ட் என்ன, க்ளெய்ம் என்ன என்று யாருக்கும் புரியும்படி எழுதியிருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் என்ன முடிவு என்று ஒரே வரியில் இருக்கும். கீழ் நீதிமன்ற ஆவணங்களுக்கு பேசர் என்ற அரசுத் தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் வாங்குவார்கள், ஆனால் மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் அதன் ஆண்டறிக்கையில் சட்ட வழக்குகள் என்று ஒரு பகுதி இருக்கும். எந்த மருந்துக்கு எந்த நிறுவனத்தோடு எந்த நாட்டில் வழக்கு நடக்கிறது என்று அங்கே தொகுத்து எழுதியிருப்பார்கள். வேறெங்கும் கிடைக்காத சுருக்கம் அது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் இன்வேகா டிரின்சா 2015-ல் வந்தது. ஆறு மாத ஊசியான ஹாஃபயேரா 2021-ல் வந்தது. டிரின்சாவின் வழக்கு என்னை இன்னும் யோசிக்க வைத்தது. அங்கே பேட்டன்ட் எண் 10,143,693. அது பாதுகாப்பது, நோயாளி ஊசியைத் தவறவிட்டால் மறுபடி எப்படித் தொடங்குவது என்ற முறையை. 2025-ல் மைலான் அந்த வழக்கிலும் தோற்றது. தவறவிட்டவருக்கு என்ன செய்வது என்று லேபிளில் எழுதாமல் இந்த மருந்தை விற்க முடியாது. எழுதினால் அந்த பேட்டன்ட்டை மீறத் தூண்டியதாகிறது. மற்ற மருந்துகளில், பேட்டன்ட் உள்ள பயன்பாட்டை மட்டும் லேபிளிலிருந்து வெட்டிவிட்டு ஜெனரிக் உள்ளே வருவது உண்டு. இந்த ஊசிகளில் வெட்டுவதற்கு இடமே இல்லை. தொடக்க டோஸும் தவறிய டோஸும் இல்லாத லேபிள் நோயாளிக்கு ஆபத்து.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சரியான டோஸைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான நோயாளிகளோடு வருடக்கணக்கில் சோதனை நடத்த வேண்டியிருக்கிறது, அதற்குச் செலவு ஆகிறது, அந்தச் செலவு திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். இந்த மருந்து இல்லையென்றால் என் மகன் இன்று எங்கே இருப்பானோ தெரியாது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் மருந்துக் கலவையின் பேட்டன்ட் முடிந்த பிறகும், மருத்துவர் எழுதும் அட்டவணைக்குப் பத்து வருடத்துக்கு மேல் வேலி போடுவது சரியல்ல என்று உறுதியாக நினைக்கிறேன். இதற்கு விலை கொடுப்பவர்கள் மருந்தை நிறுத்தினால் மறுபடி மருத்துவமனைக்குப் போகும் நிலையில் இருப்பவர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பேட்டன்ட் முடிந்தாலே ஜெனரிக் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இந்த ஊசிகளில் பலிப்பதில்லை. 2003-ல் வந்த ரிஸ்பெர்டால் கான்ஸ்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் ரிஸ்பெரிடோன் ஊசி அது. மருந்தை மிக நுண்ணிய பாலிமர் உருண்டைகளுக்குள் அடைத்திருப்பார்கள். அதன் முக்கிய பேட்டன்ட்டுகள் 2020-ஐ ஒட்டி முடிந்துவிட்டன. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் ஜெனரிக் வரவில்லை. அந்த உருண்டைகளை அதே மாதிரி செய்வது கடினம், அதே வேகத்தில் மருந்து வெளியாகிறது என்று நிரூபிப்பது அதைவிடக் கடினம். மாத்திரை என்றால் ஆரோக்கியமான சிலருக்குக் கொடுத்து ஓரிரு நாள் இரத்தம் எடுத்துச் சோதித்துவிடலாம். சஸ்டென்னாவில் மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறையவே 25 முதல் 49 நாள் ஆகிறது. அதற்கு ஏற்கெனவே இந்த மருந்தில் உள்ள நோயாளிகளை வைத்து மாதக்கணக்கில் சோதனை நடத்த வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் ஜெனரிக் நிறுவனங்கள் என்ன நிரூபிக்க வேண்டும் என்ற வழிகாட்டிக் குறிப்பை எஃப்டிஏ தனித்தனியாக வெளியிடுகிறது. அதைப் படித்தால் ஜெனரிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓரளவு புரியும்.

அதனால் ஜெனரிக்கை மட்டும் எதிர்பார்க்காமல் பக்கத்து வழியாக வரும் மருந்துகளையும் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த மருந்தை வேறு வடிவிலோ வேறு அட்டவணையிலோ செய்து, பழைய ஆய்வுகளை ஓரளவு சார்ந்து, தனி அனுமதி வாங்குவது ஒரு வழி. 505(பி)(2) என்று அதைச் சொல்வார்கள். 2023-ல் ரிஸ்பெரிடோனுக்கு ரைகிண்டோ, உசெடி இரண்டும் அப்படி வந்தன. 2024 ஜூலையில் லூயே நிறுவனத்தின் எர்சோஃப்ரி வந்தது. அதுவும் பாலிபெரிடோன் பால்மிடேட்தான், அதுவும் மாத ஊசிதான். ஆனால் தொடக்கத்தில் 234, 156 என்று இரண்டு ஊசி கிடையாது. முதல் நாளில் 351 மி.கி. ஒரே ஊசி, அப்புறம் மாதாமாதம். 906 பேட்டன்ட்டின் க்ளெய்மைப் படித்துவிட்டு இதைப் படித்தால், அட்டவணையை மாற்றியதில் என்ன இருக்கிறது என்று தானாகப் புரியும்.

இதில் நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படி வரும் மருந்து சட்டப்படி ஜெனரிக் அல்ல. ஆரஞ்சு புக்கில் ஏபி என்ற சமநிலைக் குறியீடு இருந்தால்தான் ஃபார்மசியில் அவர்களாக மாற்றிக் கொடுக்கலாம். இல்லையென்றால் மருத்துவர் புதிதாக எழுதித் தர வேண்டும், இன்சூரன்ஸிடம் புதிதாக முன் அனுமதி வாங்க வேண்டும். விலையும் ஜெனரிக் விலையாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்காக இந்தியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் எங்கள் உறவில் ஒருவருக்கு ஃப்ளுஃபெனசின் டெக்கனோயேட் ஊசி போடுகிறார்கள். 1960-களைச் சேர்ந்த மருந்துக் குடும்பம் அது, எண்ணெயில் கலந்து போடுவது. ஹாலோபெரிடால் டெக்கனோயேட்டும் அப்படித்தான். இவற்றுக்கெல்லாம் பேட்டன்ட் எப்போதோ முடிந்துவிட்டது, விலையும் குறைவு. ஆனால் கை நடுக்கம், உடல் இறுக்கம் போன்ற பக்கவிளைவுகள் கூடுதலாக வரலாம். அவருக்கு அது ஒத்துக்கொள்கிறது. புதிய ஊசிதான் நல்லது என்று நாம் தூரத்திலிருந்து சொல்லக் கூடாது.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் மிகவும் வேறுபட்டது. அங்கேயும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான். ஆனால் அலுவலகத் தாமதத்துக்கோ மருந்து அனுமதித் தாமதத்துக்கோ நீட்டிப்பு கிடையாது. சிகிச்சை முறைக்குப் பேட்டன்ட் தர முடியாது என்று 3(ஐ) பிரிவு நேரடியாகச் சொல்கிறது. எனவே அமெரிக்காவில் 2031 வரை நிற்கும் அந்த அட்டவணை க்ளெய்ம் அதே வடிவில் அங்கே நிற்காது. அப்புறம் புகழ்பெற்ற 3(டி). தெரிந்த பொருளின் புதிய வடிவத்துக்கு, பலனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லாவிட்டால் பேட்டன்ட் இல்லை என்பது அதன் சாரம். 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்தான கிளிவெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. அந்தப் பிரிவின் விளக்கத்தில் உப்புகள், எஸ்டர்கள், உடலில் மருந்து மாறி உண்டாகும் பொருள்கள், துகள் அளவு என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறார்கள். பாலிபெரிடோன் என்பது ரிஸ்பெரிடோன் உடலில் மாறி உண்டாகும் பொருள். பால்மிடேட் என்பது அதன் எஸ்டர். ஊசியின் ரகசியம் துகள் அளவில். மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்த ஒரு பத்தியைப் படித்தபோது நம் நாட்டுச் சட்டத்தை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

இந்தியப் பேட்டன்ட் நிலையைப் பார்க்க அரசின் இன்பாஸ் என்ற இலவசத் தேடுதளம் இருக்கிறது. வணிகப் பெயரைப் போட்டால் ஒன்றும் கிடைக்காது. வேதியியல் பெயரையோ விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயரையோ போட வேண்டும். ஜான்சென் என்றால் பெல்ஜியத்தில் உள்ள ஜான்சென் ஃபார்மசூட்டிகா என்ற பெயரில்தான் பல விண்ணப்பங்கள் இருக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, கைவிடப்பட்டதா என்று பார்த்துவிட்டு, ஏற்கப்பட்டிருந்தால் மின் பதிவேட்டில் ஆண்டுக் கட்டணம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கட்டாமல் விட்டதால் இடையிலேயே காலாவதியான பேட்டன்ட்டுகள் ஏராளம். ஒரு பேட்டன்ட் விண்ணப்பத்தை, அது ஏற்கப்படுவதற்கு முன்பே, யார் வேண்டுமானாலும் எதிர்த்து மனுக் கொடுக்கலாம் என்ற 25(1) பிரிவும் அங்கே இருக்கிறது. நோயாளிகள் அமைப்புகள் பல மருந்துகளில் இதைப் பயன்படுத்தியிருக்கின்றன. மனநல மருந்துகளுக்கும் அப்படி முன்வரும் குடும்பங்கள் வேண்டும் என்பது என் ஆசை.

சரி, இத்தனையும் தேடி எங்களுக்கு என்ன ஆயிற்று? மகனின் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் கிடைத்தது. சட்டப்படி 2031 ஜனவரி வரை அதே அட்டவணையில் ஒரு ஜெனரிக் வருவது கடினம். நிறுவனங்களுக்குள் ஒப்பந்தம் ஏற்பட்டால் முன்னாலும் வரலாம். அதற்குப் பிறகும் உடனே வரும் என்று உறுதியில்லை. அவனிடம் அப்படியே சொன்னேன். "அப்ப அதை நம்பி எதையும் முடிவு பண்ண வேண்டாம்" என்றான். சரியாகச் சொன்னான். மூன்று மாத ஊசிக்கு மாறலாமா என்று மருத்துவரோடு பேசும்போதும் இந்தத் தேடல் உதவியது. சஸ்டென்னாவில் குறைந்தது நான்கு மாதம் நிலையாக இருந்தவர்கள் டிரின்சாவுக்கு மாறலாம். வருடத்துக்கு நான்கே ஊசி என்பது அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதன் பேட்டன்ட் 2036 வரை இருக்கிறது, மாத ஊசிக்கு மலிவான மாற்று முன்னால் வரக்கூடும் என்பதையும் சேர்த்து எடைபோட்டான். இப்போதைக்கு மாத ஊசியிலேயே இருக்க முடிவு செய்தான். இது அவன் உடம்புக்கும் வேலைக்கும் ஏற்ற முடிவு. இன்னொருவருக்கு மூன்று மாத ஊசிதான் சரியாக இருக்கும். பேட்டன்ட் தேதியைப் பார்த்து யாரும் மருந்தை மாற்றவோ தள்ளிப்போடவோ கூடாது.

பணப் பக்கத்தில் நாங்கள் பார்த்தவை இவை. ஊசி கிளினிக்கில் போடப்படுவதால் அது இன்சூரன்ஸின் மருந்துப் பிரிவில் வருகிறதா, மருத்துவச் சேவைப் பிரிவில் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் நம் கையிலிருந்து போகும் தொகை வெகுவாக மாறும். தயாரிப்பு நிறுவனத்தின் கட்டண உதவி அட்டை தனியார் இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்குத்தான். மெடிக்கெய்ட், மெடிக்கேர் என்ற அரசு இன்சூரன்ஸ் உள்ளவர்கள் பயன்படுத்த முடியாது. நியூ ஜெர்சியில் 31 வயது வரை பெற்றோரின் திட்டத்தில் தொடர ஒரு மாநிலச் சட்டம் இருக்கிறது, ஆனால் நிறுவனமே தன் பணத்தில் நடத்தும் திட்டங்களுக்கு அது பொருந்தாது. என் அலுவலகத் திட்டம் அப்படிப்பட்டது. அதன் விதிப் புத்தகத்தில், உடல் அல்லது மன நலக் குறைவால் பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளையை 26-க்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. மருத்துவரின் கடிதமும் படிவமும் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் திட்டத்திலும் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பகுதி நேர வேலை இருந்தால் தகுதி உண்டா என்றும் கேளுங்கள். விண்ணப்பத்தைப் பிறந்தநாளுக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. அந்த நாள் தாண்டிவிட்டால் பல திட்டங்களில் கெடு மிகவும் குறுகியது.